மரபுரிமையும் வாடகையும்: ஜார்ஜ் டவுன் தமிழர் தெருக்களை வாசித்தல்

ஜார்ஜ் டவுன் நகரத் தமிழர் தெருக்களைப் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகளுக்கு ஏறத்தாழ ஒரு வாய்பாடு அமைந்துவிட்டது எனலாம். 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் கால்பதித்தமை, அவர் காலத்தில் வகுக்கப்பட்ட முதல் தெருக்களுள் ஒன்று மலபார்த் தெரு என்றிருந்து பின்னர் சூலியா தெரு எனப் பெயர் பெற்றமை, 1801இல் கபித்தான் கெளிங் பள்ளிவாசலுக்கு நிலம் வழங்கப்பட்டமை, 1833இல் குவீன் தெருவில் மகாமாரியம்மன் ஆலயம் எழுந்தமை, 2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் இணைந்து இந்நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றமை ஆகியன வரிசையாகச் சொல்லப்படும். கடைசிப் பத்தியில், தமிழர் சுவடுகள் மறைந்துவருகின்றன என்னும் ஏக்கம் இடம்பெறும். குடமுழுக்கு மலர்களிலும் மாநாட்டு மலர்களிலும் நம் மாணவர்தம் ஆய்வேடுகளிலும் இவ்வாய்பாட்டைத் தொடர்ந்து காண்கிறோம்.

இதில் தரப்படும் செய்திகள் பெரும்பாலும் சரியானவையே. குறை வேறோரிடத்தில் உள்ளது. சுவடுகள் தாமாக மறைவதில்லை. ஒரு கடைவீட்டின் மாடியில் மூன்று தலைமுறையாக இருந்த குடும்பம் ஒரு குறிப்பிட்ட ஆண்டில், ஒரு குறிப்பிட்ட சட்டத்தின் விளைவாக, ஒரு குறிப்பிட்ட வாடகையைக் கட்ட இயலாமல் வெளியேறுகிறது. அந்த ஆண்டும் சட்டமும் வாடகையும் நம் கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. ஆகவே நிகழ்ந்த மாற்றம் காலத்தின் கோலமாகவும், சில வேளைகளில் இளைய தலைமுறையின் பற்றின்மையாகவும் விளக்கப்பட்டு முடிந்துவிடுகிறது. தெரு என்பது கட்டடங்களாலும் கோபுரங்களாலும் மட்டும் ஆனதன்று. யார், எவரிடமிருந்து, எத்தனை காலத்துக்கு, என்ன வாடகைக்கு அங்கிருக்கலாம் என்னும் ஏற்பாட்டினால் ஆனது என்பதே நம் கருத்து. இந்நோக்கில், ஜார்ஜ் டவுன் தமிழர் பகுதியைப் பற்றிய சில எழுத்துகளை ஈண்டு வாசிக்க முற்படுகிறோம். அவற்றுள் ஒன்று வரலாற்று நூல், இரண்டு நாவல்கள், மற்றொன்று யுனெஸ்கோ அறிவிப்பின் அடிப்படையாக அமைந்த தகுதி வரையறைகள்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழகத்தில் ‘பாரம்பரியம்’ என்று வழங்குவதை ஈழத்தமிழ் வழக்கு ‘மரபுரிமை’ என்று குறிக்கிறது. நம் நாட்டு ஏடுகள் இரண்டையும் கையாள்கின்றன. மலாயில் வழங்கும் ‘வாரிசான்’ என்னும் சொல்லும் வாரிசு என்பதனோடு உறவுடையது. மரபுரிமை என்னும் சொல்லே நமக்கு உகந்தது. ஏனெனில் அது தன் வயிற்றிலேயே சிக்கலைச் சுமந்திருக்கிறது. உரிமை என்று சொன்னவுடன் எவருடைய உரிமை என்னும் வினா எழும். வாடகைக் குடிக்கு அதில் பங்கு உண்டா? பத்திரத்தில் பெயர் இல்லாதவர் வாரிசு ஆவாரா? பாரம்பரியம் என்னும் சொல் இவ்வினாவை எழுப்பாமல் நழுவிச் செல்வதற்கு இடம் தருகிறது.

பள்ளிவாசலைச் சூழ்ந்த ஊர்

பினாங்கு வரலாற்றாய்வாளர் கூ சல்மா நசுத்தியோன் 1993இல் வெளியிட்ட ஜார்ஜ் டவுன் தெருக்கள் பற்றிய நூல் பலரும் அறிந்தது. 2014இல் அவர் வெளியிட்ட, பினாங்குச் சூலியர் பற்றிய விரிவான நூல் தமிழ்த்துறையினரிடையே பெற்றிருக்க வேண்டிய கவனத்தைப் பெறவில்லை. அது முசுலிம்களின் வரலாறு, ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்னும் இரு காரணங்களால் நாம் அதனை அயலார் நூலாகக் கருதிவிட்டோம் போலும். சூலியர் என்போர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முசுலிம்கள். அவர்தம் வரலாறு நமக்கு அயலானதெனில் நம் வரலாறு எது என்று கேட்க வேண்டியிருக்கும்.

இந்நூலின் சிறப்பு, பள்ளிவாசலைக் கட்டடமாகப் பாராமல் நிலமாகப் பார்ப்பதில் உள்ளது. கபித்தான் காதிர் முகைதீன் காலத்தில் கும்பினி அரசு பள்ளிவாசலுக்கென வழங்கிய நிலம் 18 ஏக்கர். அன்றைய நகர எல்லையில் கிடந்த அந்நிலத்தில் தொழுகையிடமும் அடக்கத்தலமும் மட்டுமன்றி, அறக்கொடையின் நிழலில் குடியிருப்புகளும் வளர்ந்தன. மாலுமிகள், வணிகர்கள், தொழிலாளர்கள், அவர்தம் உள்ளூர் மனைவியர், பிள்ளைகள் என ஓர் ஊரே பள்ளிவாசலைச் சூழ்ந்திருந்தது. 1905இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழி முகமதிய, இந்து அறக்கட்டளை வாரியம் தோற்றுவிக்கப்பட்டது. குடியேற்ற அரசின் அதிகாரிகள் முன்னின்று நடத்திய அவ்வாரியம் அறக்கொடை நிலங்களைத் தன் மேலாண்மைக்குள் கொண்டுவந்தது. நெருக்கம், சுகாதாரக்கேடு என்னும் காரணங்களின் பேரில் பள்ளிவாசலைச் சுற்றியிருந்த குடிகள் படிப்படியாக அகற்றப்பட்டனர். வாடகை தரக்கூடிய செங்கல் கட்டடங்கள் எழுந்தன. பள்ளிவாசலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முகலாயப் பாணியில் விரிவாக்கம் பெற்றது. இன்று பயணிகள் நின்று படமெடுக்கும் அழகிய திறந்தவெளி, ஒரு காலத்தில் குடிகள் நிறைந்திருந்த மண் என்பதை இந்நூலைப் படித்த பின்னரே நாம் உணர்கிறோம்.

இச்செய்தியின் முதன்மை யாதெனில், நகர மாற்றம் என்பது சுற்றுலாவோடும் பட்டியலோடும் வந்த புதுநோய் அன்று என்பதாகும். தமிழர் தெருவொன்று வாடகை வருவாயின் பொருட்டு முதன்முறையாக மாற்றியமைக்கப்பட்டது நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்தது. அதுவும் அறத்தின் பெயரால். கூ சல்மா இதனைக் குடியேற்ற அரசின் தலையீடாகவே பெரும்பான்மையும் விளக்குகிறார். அவ்விளக்கம் ஏற்கத்தக்கதே, எனினும் முழுமையானதன்று. அறக்கட்டளை நிலத்துக்கு வாடகை வருமானம் வேண்டும் என்னும் நெருக்கடி, அரசு மாறிய பின்னரும் நீங்கவில்லை. பள்ளிவாசலாயினும் கோயிலாயினும் சீனர் சங்கமாயினும், நகர மையத்தில் நிலமுடைய ஒவ்வோர் அறநிலையமும் நில உரிமையாளரே. தன் குடிகளின் நலனும் தன் வருவாயும் முரண்படும்போது அந்நிலையம் என்ன செய்யும் என்னும் வினாவைக் குடியேற்றவாதம் என்னும் ஒரு சொல்லால் கடந்துவிட இயலாது. நூலின் விரிந்த சான்றுகளே இவ்வினாவை எழுப்புகின்றன. நூலாசிரியர் அதனருகில் வந்து விலகிச் செல்கிறார் என்பது நம் மதிப்பீடு.

கிட்டங்கித் தரை

அடுத்து நாம் எடுத்துக்கொள்வன ப. சிங்காரத்தின் இரண்டு நாவல்கள்: 1959இல் நூலாக வெளிவந்த கடலுக்கு அப்பால், 1972இல் வெளிவந்த புயலிலே ஒரு தோணி. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த சிங்காரம் 1938இல் மேடான் நகருக்குச் சென்று வட்டிக்கடையில் பணியாற்றியவர். போருக்குப் பின் தாயகம் திரும்பி மதுரையில் தினத்தந்தி நாளிதழில் பணிபுரிந்து 1997இல் மறைந்தவர். இவ்விரு நாவல்களையும் தமிழகத் திறனாய்வாளர் புலம்பெயர் நாவல்களின் முன்னோடி எனப் போற்றுகின்றனர். மலேசியத் தமிழிலக்கிய வரலாறுகளோ இவற்றை ஓரிரு வரிகளில் கடந்துசெல்கின்றன. ஆசிரியர் நம் நாட்டவர் அல்லர், நூல்கள் இங்கு அச்சேறவில்லை என்பன காரணங்கள். குடியுரிமையை அளவுகோலாகக் கொண்டு இலக்கியத்தை வரையறுப்பதனால் நேரும் இழப்புக்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. ஏனெனில் இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பினாங்கின் தமிழ் வணிகத் தெருவைத் தமிழில் இத்துணை நெருக்கமாகப் பதிவுசெய்த புனைவு வேறு எளிதில் காட்ட இயலாது.

சிங்காரத்தின் தெருவில் கோபுரமும் திருவிழாவும் முதன்மை பெறுவதில்லை. அங்கிருப்பது வேலை. வட்டித்தொழில் நடந்த கிட்டங்கிகளின் அமைப்பை அறிந்தவர்க்கே அவர் நாவலின் உள்ளிறுக்கம் விளங்கும். நீண்ட கூடமொன்றில் பல மார்க்காக்களின் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் உரிய இடத்துக்கு வாடகை. பகலில் கணக்கெழுதும் தரையே இரவில் படுக்கை. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்னும் படிநிலை. மூன்றாண்டுக் கணக்கு முடிந்தால் ஊருக்குக் கப்பல். குடும்பம் ஊரில், ஆள் இங்கே. தெருவின் பெரும்பகுதி ஆண்களால் ஆனது, அவர்களும் தவணைக்கு வந்தவர்கள். இதுதான் நாம் இன்று தமிழர் மரபுத்தெரு என்று போற்றும் பினாங்குத் தெருவின் அன்றைய சமூக அமைப்பு.

கடலுக்கு அப்பால் நாவலின் செல்லையா இத்தவணை வாழ்விலிருந்து இந்திய தேசிய இராணுவத்துக்குச் சென்று மீண்டவன். முதலாளியின் மகள் மரகதத்தை அவன் விரும்புகிறான். துப்பாக்கி ஏந்திய கை இனிக் கணக்கு எழுதப் பொருந்தாது என்று முதலாளி கருதுவதில் கதையின் முடிச்சு இறுகுகிறது. இதனைக் காதல் தோல்வியின் கதையாகவே பலரும் வாசித்துள்ளனர். நம் வாசிப்பில் இது தெருவில் நிலைக்கும் தகுதி யாருக்கு என்பது பற்றிய கதையுமாகும். தெருவில் செல்லையாவுக்கு உள்ள இடம் அவன் வேலையைச் சார்ந்தது. வேலை முதலாளியின் மனத்தைச் சார்ந்தது. வேறெந்தப் பிடிமானமும் அவனுக்கு அங்கு இல்லை. முதலாளி கொடியவர் அல்லர் என்பதையும் சிங்காரம் காட்டிவிடுகிறார். பரிவுள்ள முதலாளியின் கீழும் நிலையற்ற குடி நிலையற்ற குடியே. நாவலின் நேர்மை இவ்விடத்தில் உள்ளது.

புயலிலே ஒரு தோணியின் பாண்டியன் மேடானிலிருந்து கடல்வழி பினாங்கு சேர்கிறான். இங்கு நடைபெறும் குடிமேசை விவாதத்தில் தமிழ்ப் பெருமிதங்கள் அனைத்தும் எள்ளலுக்கு உள்ளாகின்றன. அப்பகுதி சிலருக்கு இன்றளவும் உவப்பாக இல்லை. பாடத்திட்டத்தில் இந்நாவலை வைக்கத் தயங்கும் ஆசிரியர்களை நாம் அறிவோம். அவ்வெள்ளல் எந்த மண்ணிலிருந்து எழுகிறது என்பதை நோக்கினால் தயக்கம் குறையலாம். சொந்த இடமில்லாத தெருவில் அமர்ந்து மூவாயிரம் ஆண்டுப் பழமை பேசுவதன் முரணை அவ்விளைஞர்கள் அறிந்தே பேசுகின்றனர்.

கட்டுப்பாடும் நீக்கமும்

போருக்குப் பின் நிலைமை மாறியது. தவணைக்கு வந்தவர்கள் பலர் குடும்பத்தோடு தங்கினர். குடியிருப்புத் தட்டுப்பாட்டை முன்னிட்டுக் கொண்டுவரப்பட்ட வாடகைக் கட்டுப்பாடு, 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடர்ந்தது. 1948 ஜனவரி 31க்குள் கட்டப்பட்ட கட்டடங்கள் அதன் வரம்புக்குள் வந்தன. ஜார்ஜ் டவுன் நடுப்பகுதியின் கடைவீடுகளிற் பெரும்பாலானவை அவ்வகையின. வாடகை உயராது, குடியை எளிதில் வெளியேற்றவும் முடியாது. பூக்கட்டுவோர், பொற்கொல்லர், மசாலை அரைப்போர், காசு மாற்றுவோர், ஐந்தடி நடைபாதையில் நாளிதழ் விற்றோர், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளர் எனப் பலரும் நகர மையத்தில் நிலைத்திருந்தமைக்கு இச்சட்டமே அடிப்படை. 1969இல் தீவின் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதி நீக்கப்பட்டுத் துறைமுக வேலை சுருங்கிய பின்னரும் மக்கள் பெயராதிருந்தனர். நாம் மரபு என்று வியந்த தொடர்ச்சியை ஒரு வாடகைச் சட்டம் தாங்கிப்பிடித்திருந்தது என்று சொன்னால் அது மரபைக் குறைத்து மதிப்பிடுவதாகாது.

அச்சட்டம் குற்றமற்றது என்றும் நாம் கூற வரவில்லை. அற்ப வாடகையில் கட்டடத்தைப் பேணும் அக்கறை உரிமையாளர்க்கு இல்லாமற் போயிற்று. கூரைகள் ஒழுகின, சுவர்களில் ஆலங்கன்று முளைத்தது. முதன்மை வாடகையாளர் தாம் குறைந்த வாடகை கட்டிக்கொண்டு, பலகைத் தடுப்பு அறைகளை உள்வாடகைக்கு விட்டு ஊதியம் கண்டதும் உண்டு; குடிமாறும்போது சாவிப்பணம் பெற்றதும் உண்டு. ஏழைக் குடியைக் காத்த சட்டமே இடைத்தரகரையும் வளர்த்தது.

1997இல் நீக்கச் சட்டம் நிறைவேறியது. 1999 டிசம்பர் 31ஓடு இடைக்காலச் சலுகை முடிவுற்றது. 2000 ஜனவரி முதல் நாளன்று உலகம் புத்தாயிரத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, ஜார்ஜ் டவுன் வாடகைக் குடிகளின் நிலை ஓரிரவில் மாறியிருந்தது. சில இடங்களில் வாடகை பன்மடங்கானது. குடிகள் தமக்குள் அமைப்பு ஏற்படுத்திப் போராடினர். அதே காலத்தில் உலக நினைவுச்சின்ன நிதியம் 2000, 2002 ஆகிய ஆண்டுகளின் பட்டியல்களில் ஜார்ஜ் டவுனை அழிவுக்குள்ளாகும் நூறு இடங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. வெளியேறியவர்களின் வீடுகள் உடனே விடுதிகளாக மாறிவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. சிலவற்றில் உழவாரக் குருவிகளை வளர்த்துக் கூடு எடுக்கும் தொழில் புகுந்தது; மனிதக் குடிகள் போன மாடிகளில் ஒலிப்பெருக்கி வைத்துப் பறவைகளை அழைத்தனர். மரபுரிமைப் பகுதியிலிருந்து அத்தொழிலை அகற்ற 2013ஆம் ஆண்டு இறுதி வரை ஆயிற்று.

பட்டியலின் மொழி

2008இல் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் மூன்று தகுதி வரையறைகளின் கீழ் ஏற்றது. பண்பாட்டுப் பரிமாற்றத்தைக் காட்டும் வணிக நகரம் என்பது ஒன்று. பல்லினப் பண்பாட்டுக்கும் வழிபாட்டுக்கும் வாழும் சான்று என்பது மற்றொன்று. தனித்தன்மையுள்ள கட்டடக்கலையும் நகரக் காட்சியும் என்பது பிறிதொன்று. இம்மூன்றையும் திறனாய்வு நோக்கில் படிப்போர்க்கு ஒரு செய்தி புலப்படும். முதலாவது கடந்தகாலத்தைப் பற்றியது. அது இனி மாறாது. கட்டடக்கலை பற்றியது சுவரையும் ஓட்டையும் பேணினால் நிறைவேறும். வாழும் சான்று என்பது மட்டுமே ஆட்களை வேண்டி நிற்கிறது. நடைமுறையிலோ 18 மீட்டர் உயர வரம்பு, முகப்பு வண்ணம், ஓட்டின் வகை, பெயர்ப்பலகையின் அளவு என விதிகள் யாவும் கட்டடத்தைச் சுற்றியே நெய்யப்பட்டன. வாடகைக்கு வரம்பு இல்லை. மரபுரிமை மையப்பகுதியின் மக்கள்தொகை 2009இல் பத்தாயிரத்தைச் சற்றே கடந்திருந்தது. 2013இல் அது 9,400 அளவுக்குக் குறைந்தது. பட்டியலில் ஏறியதைத் தொடர்ந்த ஆண்டுகளில் வீடுகள் கூட்டங்கூட்டமாக விற்பனையாயின. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களும் வாங்கின. 2012இல் ஆர்மீனியன் தெருவில் மிதிவண்டிச் சிறார் சுவரோவியம் தோன்றிய பின் சுற்றுலா நெரிசல் கூடியது. லெபோ பாசாரின் தமிழ்ப் பெயர் கடைத்தெரு. சுற்றுலாத்துறையின் மொழியில் அதன் சுற்றுவட்டாரம் முழுதும் ‘லிட்டல் இந்தியா’. முந்தைய பெயர் அங்குள்ளோர் செய்யும் தொழிலைச் சொன்னது. பிந்தையது வருவோர் காணப்போவதைச் சொல்கிறது.

உயர வரம்பினால் நன்மை விளையவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. அவ்வரம்பு இல்லையெனில் கடைத்தெருவின் தலைமேல் அடுக்குமாடிகள் எழுந்திருக்கும். பட்டியலில் ஏறியதன் பயனைத் தமிழ் வணிகரும் பெற்றுள்ளனர். துணிக்கடைகளும் உணவகங்களும் செழித்துள்ளன.

நகரவியலார் இத்தகைய மாற்றத்தை ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்னும் சொல்லால் குறிப்பர். 1964இல் இலண்டன் நகரைப் பற்றி எழுதுகையில் ரூத் கிளாஸ் இச்சொல்லை அமைத்தார். உழைக்கும் மக்களின் வீடுகளில் நடுத்தர வகுப்பார் குடியேறுவதை அது சுட்டியது. வெளிநாட்டில் ஆய்வு மேற்கொள்ளும் நம்மவர் பலர் இச்சொல்லை அப்படியே கொணர்ந்து இங்குப் பொருத்துகின்றனர். பொருத்தம் போதாது. இலண்டனில் ஒரு குடி போய் மற்றொரு குடி வந்தது. இங்கோ குடி போன இடத்தில் விடுதியும் காப்பிக்கடையும் நினைவுப்பொருட் கடையும் வந்தன. இரவில் அங்கு உறங்குவோர் இரண்டு நாள் விருந்தினர். தமிழில் இதற்குக் ‘குடியழிவு’ என்று பெயரிடலாம் எனப் பரிந்துரைக்கிறோம்.

எல்லைக்கு வெளியே

பட்டியல் கிடைத்த மறு ஆண்டிலேயே தீவில் மற்றொரு தமிழர் குடியிருப்பு இடிக்கப்பட்டது. குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலா மரபுரிமை எல்லைக்குள் வராதது. கட்டடக்கலை என்று சொல்லத்தக்கது எதுவும் அங்கு இல்லை. தகரக் கூரை வீடுகள், மாடுகள், ஆடுகள், தென்னைகள். ஆங்கில ஏடுகள் பழைய தொலைக்காட்சித் தொடரொன்றின் நினைவாக அதனைத் தமிழ் ‘ஹை சப்பரல்’ என்று செல்லமாக அழைத்தன. பிரவுன் குடும்பத்தாரின் தோட்ட நிலத்தில் உழைத்தோரின் வழிவந்த மக்கள் அவர்கள். நிலம் தங்கள் முன்னோர்க்காக அரசிடம் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்டது என்பது அவர்தம் வாதம். நிலமோ மாநில அரசு அலுவலர் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாற்றப்பட்டு, மேம்பாட்டு நிறுவனத்தின் திட்டத்துக்கு உள்ளாகியிருந்தது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று 2009இல் குடிகளுக்கு எதிராக முடிவுற்றது. அவ்வாண்டே வீடுகள் தரைமட்டமாயின. பலர் மாற்று வீட்டை ஏற்றனர். சிலர் இறுதிவரை மறுத்தனர். முந்தைய மாநில அரசும் பிந்தைய மாநில அரசும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. நம் நாளிதழ்களும் அவ்வழியே இரு அணியாயின.

அக்காலத்து அரசியல் ஆரவாரத்தில் கவனம் பெறாத செய்தி ஒன்றுண்டு. கம்போங் புவா பாலாவையும் கடைத்தெருவையும் ஒரே மூச்சில் எவரும் பேசவில்லை. ஒன்று இடிக்கப்பட்ட சிற்றூர், மற்றொன்று பாதுகாக்கப்பட்ட மரபுப் பகுதி. ஒன்று அவலம், மற்றொன்று வெற்றி. குடியிருப்பு உரிமை என்னும் கோணத்தில் நோக்கின் இரண்டும் ஒன்றே. அங்கும் இங்கும் மக்கள் தலைமுறைகளாக இருந்தனர்; அங்கும் இங்கும் அவர்தம் இருப்புக்குச் சட்டத்தில் வேர் இல்லை. ஓரிடத்தில் கட்டடமும் போயிற்று, மற்றோரிடத்தில் கட்டடம் நின்றது. கோலாலம்பூரில் 2010 அக்டோபரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு இந்தியப் பிரதமர் முன்னிலையில் ‘லிட்டல் இந்தியா’ எனப் பெயர் சூட்டி வளைவு எழுப்பினர். அதே பகுதியில் இரயில்வே ஊழியர்க்கென எழுந்த பழைய நூறு குடியிருப்புகள் சில ஆண்டுகளில் இடிபட்டன.

நம் திறனாய்வுக்கு இதில் உள்ள பங்கையும் பேசியாக வேண்டும். மலேசியத் தமிழர் வரலாறு என்றாலே தோட்டம் என்னும் எண்ணம் ஆழ வேரூன்றியுள்ளது. கே. எஸ். சந்துவின் 1969ஆம் ஆண்டு நூலும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சின்னப்பா அரசரத்தினத்தின் 1970ஆம் ஆண்டு நூலும் நகர இந்தியரைப் பற்றியும் பேசியவையே. நம் இலக்கியத் திறனாய்வுதான் தோட்டத்தை முழுமையாகப் பற்றிக்கொண்டது. தமிழகத்திலிருந்து வந்து எழுதிய அகிலனின் பால்மரக் காட்டினிலே முதற்கொண்டு ரப்பர்க் காடே நம் கதைக்களம் என்றாயிற்று. பினாங்கில் வாழ்ந்து அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 2016இல் மறைந்த ரெ. கார்த்திகேசுவின் நாவல்களைக் கூட நடுத்தர வகுப்புக் குடும்பக் கதைகள் என்று வகைப்படுத்தி நிறுத்திக்கொண்டோம். அவற்றில் இடம் எவ்வாறு இயங்குகிறது என்று கேட்கவில்லை. தோட்டத்துத் தொழிலாளிக்கு லயன் வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அது குறித்து நாம் நிறைய எழுதினோம். நகரத்துக் கிட்டங்கித் தரையும் அவ்வாறே வேலையோடு வந்து வேலையோடு போன இடம் என்பதைச் சிங்காரத்தைப் படித்தவர் அறிவர். ஆயினும் லயனையும் கிட்டங்கியையும் ஒப்பிட்டு நோக்கும் ஆய்வுப் போக்கு நம்மிடையே வளரவில்லை.

இன்று கடைத்தெருவின் உணவகங்களிலும் துணிக்கடைகளிலும் பணிபுரிவோருள் கணிசமானோர் தமிழகத்திலிருந்து தொழில் அனுமதியில் வந்த இளைஞர்கள். அனுமதி முதலாளியின் பெயரோடு பிணைந்தது. வேலை மாறினால் அனுமதி இல்லை. இவர்களுள் சிலர் கடையின் மாடியிலேயே பலர் சேர்ந்து ஓர் அறையில் படுக்கின்றனர். குடும்பம் ஊரில், ஆள் இங்கே. தவணை முடிந்தால் விமானம். கீழே முகப்பில் விதிமுறைப்படி வண்ணம் பூசப்பட்டிருக்கிறது. பெட்டியடிப் பையனின் நேர் வாரிசுகள் இவர்களே எனலாம். ஆனால் மரபுரிமை பற்றிய கருத்தரங்குகளில் இவர்கள் அந்நியத் தொழிலாளர் என்னும் தலைப்பின் கீழ் வேறோர் அமர்வுக்கு ஒதுக்கப்படுகின்றனர். செல்லையாவைப் பற்றி நாம் வகுப்பறையில் பாடம் நடத்துகிறோம். அவனுக்கும் அந்நாளில் இந்நாட்டில் இருந்த தகுதி இவ்வளவே.